எட்டாயிரத்துக்கு மேலே

காதுக்காரர் என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று தெரியாது. ஆனால் அதைக் கேட்கும்போதெல்லாம் அவர் உள்ளூரக் குளிர்ந்துபோவார் என்பது எல்லோருக்கும் தெரியும். பழைய ஸ்பீக்கர்களைச் சரிசெய்கிறவர்கள் ஊரில் இன்னும் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். அவர்கள் மீட்டர் முள்ளைப் பார்த்து வேலையை முடித்துவிடுவார்கள். இவரிடமும் மீட்டர் இருந்தது. ஆனால் கடைசித் தீர்ப்பு காதுடையது. "பாட்டு கேக்கப்போறது மீட்டரா, மனுஷனா?" என்பார்.

இருபத்திரண்டு வருஷம் ஒரு சினிமா தியேட்டரில் ஒலிபெருக்கிகளைக் கவனித்துக்கொண்டிருந்தவர். திரைக்குப் பின்னால், ஆள் உயரப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தே பாதி ஆயுளைக் கழித்தார். தியேட்டர் மூடியதும் வீட்டின் முன்னறை பட்டறையானது. கிழிந்த காகிதக் கோனை ஒட்டுவது, தொட்டால் உதிரும் ரப்பர் விளிம்பை மாற்றுவது, உள்ளே காய்ந்துபோன கப்பாசிட்டர்களைக் கழற்றிப் புதிது வைப்பது என்று கை ஓயாத வேலை. கழற்றிய எதையும் எறியமாட்டார். ஒவ்வொரு ஜோடி ஸ்பீக்கருக்கும் ஒரு காகித உறை, மேலே தேதி, கொண்டுவந்தவரின் போன் நம்பர்.

முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு கதவு. அவர் சோதித்துப் பார்க்கப் பாட்டு போட்டால் அடுத்த நிமிஷம் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். "என் வீட்டுக்காரிக்குப் பாட்டுன்னாலே ஆகாது" என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். சிரித்தாலும் உள்ளே ஒரு மனத்தாங்கல் இருந்தது.

ஒரு வருஷம் பல் டாக்டரம்மா ஒருவர், இடுப்பு உயர மரப்பெட்டிகள் இரண்டைக் காரில் கொண்டுவந்து இறக்கினார். செத்துப்போன அவருடைய அப்பாவின் ஸ்பீக்கர்கள்.

"புதுசு மாதிரி வேண்டாம் சார். அப்பா கேட்ட மாதிரி இருந்தா போதும்" என்றார் அந்த அம்மாள்.

இரண்டு மாதம் உயிரைக் கொடுத்து வேலை பார்த்தார். எல்லாம் முடிந்து கேட்டபோது ட்வீட்டர், அதாவது மேல்சத்தம் தரும் அந்தச் சின்ன ஸ்பீக்கர், கொஞ்சம் மங்கலாக இருப்பதாகப் பட்டது. அதை அடக்கிவைத்திருந்த ரெசிஸ்டரைக் கழற்றி, அதில் பாதி அளவே அடக்கும் ஒன்றை வைத்தார். சத்தம் பளிச்சென்று வந்தது. ஆள் திருப்தியாகக் காபி குடித்தார்.

ஒரே வாரத்தில் டாக்டரிடமிருந்து போன். "காதுல ஊசி குத்துற மாதிரி இருக்கு சார்."

"உங்க ஆம்ப்ளிஃபயர் என்ன?"

"நூத்தம்பது வாட். புதுசு."

"அதான் விஷயம். இந்தப் பெட்டிக்குப் பத்து வாட் போதும் டாக்டரம்மா. காது குளிரணும்னா அந்தக் காலத்து வால்வு ஆம்ப்ளிஃபயர்தான்" என்று தன்னுடையதையே கொடுத்தனுப்பினார். பத்து நாளில் ஆம்ப்ளிஃபயரும் பெட்டிகளும் சேர்ந்தே திரும்பி வந்தன.

"அப்பா மடியில உக்காந்து கேட்டவ சார் நான். இது அது இல்ல" என்றார் டாக்டர். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவரைச் சுட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை, பரணிலிருந்து சிக்னல் ஜெனரேட்டரை இறக்கினார். குமிழைத் திருப்பினால் ஒரே சீரான விசில் சத்தம் மேலே மேலே ஏறும் கருவி. ஐயாயிரம் ஹெர்ட்ஸ், ஆறாயிரம், ஏழாயிரம். எட்டாயிரத்தைத் தாண்டியதும் சத்தம் நின்றது. ட்வீட்டர் செத்துவிட்டது என்று அடுத்த பெட்டியை இணைத்தார். அதுவும் எட்டாயிரத்தில் நின்றது. இரண்டும் ஒரே இடத்திலா சாகும்? முணுமுணுத்துக்கொண்டே அலமாரியிலிருந்து பெட்டி பிரிக்காத புது ட்வீட்டரை எடுத்து மாட்டினார். குமிழைப் பத்தாயிரத்தில் வைத்துவிட்டு, வயர் எங்காவது விட்டுப்போயிருக்கிறதா என்று குனிந்து தேடினார்.

கதவு திறந்தது. மனைவி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, அந்த விசிலை நிறுத்தித் தொலைங்களேன்! மண்டையே பிளக்குது."

"எந்த விசில்?"

அவள் அவரையே பார்த்தாள். சுவிட்சை அணைத்தார், அவள் கையைக் காதிலிருந்து எடுத்தாள். போட்டார், மறுபடி பொத்திக்கொண்டாள். அவருக்கு இரண்டும் ஒன்றுதான், அமைதி.

அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கையை இழந்த தச்சன்கூட வாயால் வேலை சொல்லிப் பிழைத்துக்கொள்வான். காது போன காதுக்காரரை எவன் தேடி வருவான்? பயமாக இருந்தது, அதைவிட வெட்கமாக இருந்தது. மங்கலாக இருந்தது ட்வீட்டர் இல்லை.

வெகுநேரம் கழித்து எழுந்து, காகித உறையைப் பிரித்துப் பழைய ரெசிஸ்டரையே மறுபடி பற்றவைத்தார். அவருக்கு அது போர்வைக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டார்.

அடுத்த ஞாயிறு டாக்டர் அப்பாவின் இசைத்தட்டோடு வந்தார். அதே வால்வு ஆம்ப்ளிஃபயரில் போட்டார்கள். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது, டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு "இதுதான் சார்" என்றார்.

டாக்டர் போன பிறகுதான் அவர் கவனித்தார். சமையலறைக் கதவு சாத்தப்படவில்லை. மனைவி அதன் நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"உனக்குத்தான் பாட்டு பிடிக்காதே?"

"யார் சொன்னது? நீங்க வச்ச சத்தம்தான் பிடிக்கல."

"ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"காதைக் குத்துதுன்னு சொன்னேனே. மூணு வருஷம் முன்னாடி. 'உனக்கு என்னடி தெரியும்'னீங்க."

அவருக்கு அப்படிச் சொன்னது ஞாபகமே இல்லை. சொல்லியிருப்பார் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. அலமாரியிலிருந்து உறைகளை இறக்கித் தேதி பார்த்தார். மூன்று வருஷத்தில் பதினேழு ஜோடி. முதல் உறையில் எழுதியிருந்த நம்பருக்குப் போன் செய்தார்.

"சார், உங்க ஸ்பீக்கரை ஒருதடவை கொண்டு வாங்க" என்றார். "என் வீட்டுக்காரி கேட்டுப் பார்க்கணும்."