அப்பாவின் ரத்தத்தில் கருப்பட்டி மிட்டாய்

பட்டாசுக் கம்பெனிக்கு செக்கிங் வருகிறது என்றால் எங்கள் ஏழாயிரம்பண்ணையில் முந்தின நாளே தெரிந்துவிடும். மரத்தடியில் காய்ந்துகொண்டிருந்த வெடியெல்லாம் உள்ளே போகும். மணல் வாளிகள் புதுசாகத் தொங்கும். வருகிறவர்களும் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுத் திருப்தியாகப் போவார்கள். ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான் என்று அப்பா நினைத்துவிட்டார்.

அப்பா வெடிமருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தார். ஊரில் அதற்குத் தனி மரியாதை. நாற்பது தாண்டியவர்களுக்கு ரத்தம் பார்க்கப்போகிறோம், சர்க்கரை ஏறிக் கிடந்தால் மருந்து அறையில் வைக்க மாட்டோம், தலைசுற்றிக் கை தவறி அறையே வெடித்துச் சிதறினால் யார் பதில் சொல்வது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

அப்பா அன்றைக்கே பத்தியத்தில் இறங்கிவிட்டார். மூன்று நாள் பாகற்காய்ச் சாறு, கம்மங்கூழ், விடிந்தும் விடியாமல் ரோட்டில் வேகுவேகென்று நடை. அந்த மூன்று நாளும் எனக்குத்தான் நஷ்டம். அம்மாவுக்குத் தெரியாமல் தினமும் அவருக்குக் கருப்பட்டி மிட்டாய் வாங்கி வந்தவள் நான்தான். பாதி எனக்கு என்று பேச்சு.

கம்பெனியில் போட்ட மருத்துவ முகாமில் விரலில் குத்திப் பார்த்தார்கள். ரொம்ப மோசமில்லை என்றார்கள். அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். ஆனால் கையிலிருந்தும் ஒரு குழாய் ரத்தம் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு நாள் கழித்து முடிவு வாங்கப் போனபோது டாக்டரம்மா தாளைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார்.

“அண்ணாச்சி, இது இன்னைக்கு நேத்துக் கதை இல்ல. மூணு மாசமா ஒங்க ஒடம்புல சர்க்கரை எம்புட்டு இருந்துச்சுன்னு இந்த ரத்தம் சொல்லுது. மூணு நாள் கூழு குடிச்சு இத ஏமாத்த முடியாது.”

அடேயப்பா! எனக்குத் திறந்த வாய் மூடவில்லை. ரத்தத்துக்கு ஞாபகம் இருக்குமா! நேற்றுப் படித்த வாய்ப்பாடே எனக்கு இன்றைக்கு மறந்துபோகிறது. வாயில்லாத அந்தச் சிவப்புத் தண்ணீர், மூன்று மாதம் அப்பா தின்றதை ஒன்று விடாமல் வைத்திருந்திருக்கிறதே! அப்படியென்றால் வாங்கிக் கொடுத்தது யார் என்பதும் அதில் இருக்கும். அடுத்த வரியில் டாக்டரம்மா என் பெயரை வாசித்துவிடுவார் என்று அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அத்தனை பயத்திலும் மேசையில் வரிசையாக நின்ற ரத்தக் குழாய்களைச் சாமியைப் பார்ப்பது போல எட்டி எட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ஆளின் மூன்று மாதம்.

மறுநாளே அப்பாவைப் பெட்டி ஒட்டுகிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து தாளைத் தரையில் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். எனக்குத் தாங்கவில்லை. ஓவென்று அழுதுகொண்டே அம்மாவிடம் மிட்டாய்க் கதை முழுவதையும் சொல்லி, முதுகைக் காட்டி நின்றேன்.

அடி விழவில்லை. அம்மா என்னைப் பார்க்கவே இல்லை.

“இனிமே மருந்து ரூமுக்குப் போக வேணாமுன்னா சொல்லிட்டாக?” என்று அப்பாவிடம் கேட்டாள். “இனிமே பெட்டி ஒட்டத்தான்” என்றார் அவர், சுவரைப் பார்த்தபடியே. “நெசமாத்தான் சொல்றீகளா?” என்று மறுபடியும் கேட்டாள். அப்பா தலையை ஆட்டினார்.

அம்மா குனிந்து அந்தத் தாளை எடுத்தாள். அவளுக்கு ஒரு எழுத்துக்கூட வாசிக்கத் தெரியாது. இரண்டு கண்ணிலும் அதை ஒற்றிக்கொண்டு, தேம்பித் தேம்பி அழுதாள். நோய் என்று எழுதிய தாளை எதற்கு இப்படிக் கும்பிடுகிறாள் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.