என் வலக்கைக்கு யோகன் சொன்ன பொய்

யோகன் இறந்த செய்தியைத் தம்பிதான் தொலைபேசியில் சொன்னான். புங்குடுதீவு வீட்டில், காலைத் தேநீரோடு கதிரையில் சாய்ந்தவர் பிறகு எழும்பவில்லையாம். மாரடைப்பு. இயன்மருத்துவரான அவரிடம் கை கால்களை மீட்டுக்கொண்ட பலர் இதை வாசிப்பீர்கள். உங்கள் துக்கத்தில் எனக்கும் பங்குண்டு. ஆனால் என்னால் உங்களைப்போல் அழ முடியவில்லை.

நான் நயினாதீவில் ஒரு சிறிய பிள்ளையார் கோயிலின் பூசகர். பாரிசவாதம் வந்து என் வலப்பக்கம் செயலிழந்தபோது, கிழமைக்கு இரண்டு தரம் படகேறி வந்தவர் யோகன். முதல் நாளே கேட்டேன்:

"கைத்தசை செத்துப்போச்சோ?"

"இல்லை ஐயா." தன் இரு கைவிரல்களையும் நுனியில் கோர்த்து மெல்ல உள்ளே நகர்த்திக் காட்டினார். "தசைக்குள்ள மெல்லிய இழையும் தடிச்ச இழையும் இப்பிடித்தான் கிடக்குது. இழை சுருங்கிறதில்லை. ஒண்டுக்குள்ள ஒண்டு வழுக்கிப் போகும், தசை கட்டையாகும், எலும்பை இழுக்கும். இதயத்தசையும் குடல்தசையும் உங்களைக் கேட்டு வேலை செய்யிறதில்லை. கைத்தசை மட்டும் மூளையின்ர கட்டளைக்குக் காத்துக்கிடக்கும். அந்தக் கட்டளை வாற வழியிலதான் பிழை."

"திரும்ப வருமோ?"

"ஓம். திருவிழாவுக்கு நீங்கள்தான் தீபம் காட்டுவீங்கள்."

எட்டு மாதம் நம்பினேன். விரல்கள் மடங்கின. வெறுஞ்செம்பை நெஞ்சுவரை தூக்கினேன். தேர்த்திருவிழாவன்று, தம்பி தடுக்கத் தடுக்க, அடுக்குத்தீபத்தை நானே வலக்கையில் வாங்கினேன். பாதியில் கை நின்றது. தீபம் சரிந்து கருங்கல்லில் விழுந்தது, எண்ணெய் சிதறியது. சனங்கள் "ஐயோ" என்று அலறியபோது கூட்டத்துக்குள் யோகனும் நின்றார். பின்னேரம் வந்து தலைகுனிந்தபடி சொன்னார்: "பயிற்சி காணாது ஐயா, இன்னும் கூடச் செய்திருக்கவேணும்."

அந்தச் சொல்லைத்தான் இரண்டு வருடம் சுமந்தேன். என் சோம்பலால் சுவாமி முன்னால் அபசாரம் நடந்துவிட்டது என்று தினமும் பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

செத்த வீட்டுக்குப் போய்த் திரும்பும் படகில் தம்பி வாய்திறந்தான். "அண்ணை, இனிச் சொல்லலாம். அந்தக் கை தீபம் தூக்காது எண்டு யோகன் முதல் மாசமே எனக்குச் சொன்னவர்."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் பயிற்சியை விட்டிடுவீங்கள், தோள் இறுகிப்போம் எண்டவர்."

நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பியின் முகத்தைப் பார்க்க மனம் வரவில்லை. நான் தீபத்தை வாங்கியபோது, அது விழும் என்று அறிந்த இருவர் அங்கே நின்றிருக்கிறார்கள். அவர்களுள் ஒருவரிடம் கேள்வி கேட்கவும் இனி ஏலாது.

இன்று காலையும் மனைவி என் கையைப் பிடித்து உயர்த்தினாள். தோள் வலியில்லாமல் மேலே போனது. அது யோகனுடைய வேலை. வேறெவரும் அதைச் செய்திருக்க மாட்டார்கள். நன்றி சொல்ல நினைக்கிறேன், கோபம் முந்திக்கொள்கிறது. அவரிடமிருந்து எனக்கு எஞ்சியவை இந்த இரண்டும்தான். ஒன்றை விட்டு மற்றதை மட்டும் வைத்திருக்க நான் இன்னும் பழகவில்லை.