புளி போட்டு மினுக்கிய கால்

ஐந்தாம் வகுப்புதான் படித்தேன். எழுத்தும் திருத்தமில்லை, மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருகோணமலைத் துறைமுகத்தடியில் பழம்பொருள்கள் வைத்திருந்த நூதனசாலையில் கூட்டித் துடைப்பது என் வேலை. வெளிநாட்டு நூதனசாலை ஒன்று கண்காட்சிக்குப் படங்கள் தந்தது. பதிலுக்கு, விளக்கேந்திய பெண்ணின் பழைய வெண்கலச் சிலையொன்று எங்களிடமிருந்து கப்பலேற இருந்தது. அது பச்சைக் களிம்போடு போவது எனக்கு வெட்கமாக இருந்தது. வீட்டு விளக்கைப்போலப் புளி போட்டுத் தேய்த்தேன். ஒரு கால் மினுங்கியது.

அந்த நேரம் பொறுப்பாளர் ஐயா, சிலையை ஏற்க வந்த வெள்ளைக்கார அம்மாவோடு உள்ளே வந்தார்.

"என்ன பிள்ளை செய்து போட்டாய்? களிம்புதான் அதின்ர வயசுக்குச் சாட்சி. இனி இவையள் சிலையை எடுக்காயினம்."

ஐயா என் கையிலிருந்த புளியைப் பறித்தார். என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அந்த அம்மா குனிந்து காலையே பார்த்தார். ஏன் தேய்த்தேன் என்று ஐயா மூலம் கேட்டார்.

"தூரம் போற பொம்பிளை ஊத்தைக் காலோட போக ஏலாதெல்லோ, ஐயா."

ஐயா அதைச் சொன்னபோது அந்த அம்மா சிரிக்கவில்லை. நான் சொன்னதைக் கொப்பியில் எழுதி, சிலையை ஏற்றதாகக் கையெழுத்திட்டார். பிறகு பெட்டியை மூடச் சொன்னார்.

அதன்பின் கேட்காமல் நான் எதையும் தேய்த்ததில்லை. சிலை இன்னும் அந்த வெளிநாட்டு நூதனசாலையில்தானாம். நான் மினுக்கியது இடக்காலா, வலக்காலா என்பது மறந்துவிட்டது. அங்கே போகிறவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.