தேதி இல்லாத பேனர்

மாலை நான்கு இருபது. கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது பேனர். 'மாவட்டப் புகைப்பட, வீடியோக் கலைஞர்கள் மாநாட்டுக்கு வருகை தரும் அனைவரையும் திருத்தணி வரவேற்கிறது' என்று சுவர் முழுக்க இருந்தது. தேதி வர வேண்டிய இடத்தில் வெள்ளைக் கட்டம். மாநாட்டை நாம் நடத்தலாமா வேண்டாமா என்று முடிவுசெய்யக் கூட்டிய கூட்டம் அது.

நான் சங்கத்தின் செயலாளர். கேமராவோடு சில காலம் ஒரு நாளிதழுக்குச் செய்தியும் அனுப்பியவன். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக அன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முந்தைய மாநாடு அரக்கோணத்தில் நடந்தது. அந்த ஊர்ச் சங்கத் தலைவர் தயாளன், எங்கள் தலைவர் முனிரத்தினத்தின் அக்கா கணவர். பிரியாணி சாப்பிட்ட கையோடு மேடையேறிய முனிரத்தினம், "அடுத்த வருசம் எங்க ஊர்ல" என்று மைக்கில் சொல்லிவிட்டார். தயாளன் அதே மைக்கை வாங்கி, "மச்சான் சொல்லிட்டாரு. நடக்கலன்னா கவலப்படாதீங்க, மறுபடியும் இங்கியே வாங்க, எல போட்டு வெக்கிறேன்" என்றார். அதற்குப் பிறகு காதுகுத்தோ மஞ்சள் நீராட்டோ, குடும்ப விசேஷம் எதிலும் முனிரத்தினத்தால் நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை. அவர் 'பாவா' என்று கூப்பிடும் தயாளன் எதிர் வரிசையில் உட்கார்ந்து, "மாநாட்டு வேல எந்த மட்டுக்கும் வந்துகினு கீது?" என்று கேட்பார்.

தேதி

"நடத்தலாமா வேணாமாங்கிற பேச்சே இல்ல. பேனர் அடிச்சாச்சு" என்று ஆரம்பித்தார் முனிரத்தினம்.

கே.ஜி.கண்டிகையில் குழந்தைகளைப் படம் எடுக்கும் ஸ்டூடியோ வைத்திருக்கும் சரளா எழுந்தார். "பேனர்ல தேதி காணோமேண்ணா?"

"அத பேசத்தானம்மா வந்துகிறோம்."

"அப்ப என்னிக்கு வர்றவங்கள வரவேற்கிறோம்?"

சிரிப்பு அடங்கியதும் தேதி தேடினோம். வைகாசி, ஆனி, ஆவணி என்று சொன்னவர்களை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லாம் முகூர்த்த மாதம். மார்கழியில் கல்யாணம் கிடையாது. ஆனால் எங்களில் பாதிப் பேர் சபரிமலைக்கு மாலை போட்டிருப்பார்கள். "மாநாட்டுல சாம்பார் சாதம் போட்டா அரக்கோணத்துக்காரன் மூஞ்சில எப்பிடி முழிக்கிறது?" என்றார் வீடியோ குமார். மார்கழி போயிற்று. புரட்டாசியும் கறி ஆகாத மாதம் என்று அதோடு போயிற்று.

மிச்சம் ஆடி. ஆடிக் கிருத்திகைக்கு ஊர் முழுக்கக் காவடி. லாட்ஜில் படிக்கட்டில்கூட ஆள் படுத்திருக்கும். "கிருத்திகை முடிஞ்சி, ஆடிக் கடைசி" என்றார் தலைவர்.

"அதுக்குள்ள ஆந்திராவுல ஸ்ராவணம் பொறந்துடும்ணா. நகரி, புத்தூரு கல்யாணம்லாம் அப்பதான்" என்றார் சரளா.

எங்கள் ஊர் ஸ்டூடியோக்களில் தமிழ் காலண்டரும் தெலுங்கு காலண்டரும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். இந்தப் பக்கம் கல்யாணம் நிற்கும்போது அந்தப் பக்கம் தொடங்கும். அதனால்தான் ஆடியிலும் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது. அதனாலேயே மாநாட்டுக்கு ஒரு நாள் அகப்படவில்லை.

முனிரத்தினம் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். மலையும் கோபுரமும் தெரிந்தன. "ஒரே ஒரு நாள். ஆடி கடைசி ஞாயித்துக்கெழம. அன்னிக்கு எவ்ளோ பெரிய பார்ட்டி கூப்ட்டாலும் ஆர்டர் எடுக்கக் கூடாது. மலையப் பாத்துச் சொல்லுங்க."

எங்கள் ஊரில் மலையைப் பார்த்துச் சொன்னால் அதற்குமேல் பேச்சு இல்லை. எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பிச் சொன்னார்கள். முதலில் சொன்னவர் தலைவர்.

போன்

தேதியைப் பேனரில் எழுதக் குமார் நாற்காலிமேல் ஏறினார். மார்க்கர் மூடியைத் திறக்கும்போது முனிரத்தினத்தின் போன் அடித்தது.

"ஆங், செப்பண்டி. ஏ ரோஜு? ஆடி ஆகரி ஆதிவாரமா? காளீயே அண்டி, பெட்டுக்கோண்டி!"

தெலுங்கு எங்கள் எல்லாருக்கும் தெரியும். எந்த நாள் என்று கேட்டார், ஆடிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை என்றார்கள், காலிதான் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அதே ஞாயிற்றுக்கிழமை. போனை வைத்துவிட்டுச் சிரித்த முகத்தோடு நிமிர்ந்தவர், எங்களைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். பிறகு அதை மூடினார்.

"வாய் தானா சொல்லிடுச்சுப்பா" என்றார்.

அங்கிருந்த யாருடைய வாயாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருக்கும். போன் அடித்துத் தேதி சொன்னால் 'காலி' என்று சொல்லிப் பழகிய ஜாதி நாங்கள்.

"நடத்தலாம்ணா. நீங்க மட்டும் வர மாட்டீங்க" என்றார் சரளா.

வேண்டாம் என்று முடிவானது. பாவாவுக்கு யார் சொல்வது என்ற கேள்விக்கு எல்லாரும் முனிரத்தினத்தைப் பார்த்தோம். அவர் ஸ்பீக்கரில் போட்டு, தூக்குக்குப் போகிறவர்போல நின்றுகொண்டு பேசினார்.

"பாவா, மாநாடு இந்த வாட்டி தோதுப்படல. ஆடிக் கடைசி ஞாயிறு பாத்தோம், சரியா வரல."

அந்தப் பக்கம் தயாளன் தொண்டையைச் செருமினார்.

"அன்னிக்கு வெச்சிருந்தா நானே வந்திருக்க முடியாது மச்சான். நகரியில ஒரு கல்யாணம். பொண்ணு வூட்டு சைடு. காலையிலதான் ஒத்துகினேன்."

"எந்த மண்டபம் பாவா?"

தயாளன் மண்டபத்தின் பெயரைச் சொன்னார்.

"நான் மாப்ள வூட்டு சைடு" என்றார் முனிரத்தினம்.

"அப்ப இத பத்தி ரெண்டு பேரும் வெளிய பேச வேணாம்" என்றார் பாவா. ஸ்பீக்கரைச் சுற்றி நாங்கள் அத்தனை பேரும் நின்றிருந்தோம்.

நான் கற்றது இதுதான்: ஒரு சங்கத்தில் 'நடத்தலாமா?' என்று கேட்டால் எல்லாரும் கை தூக்குவார்கள். 'என்றைக்கு?' என்று முதலில் கேளுங்கள். பேனர் அதற்கு அப்புறம்.

நகரிக் கல்யாணத்தில் மாமன் மச்சான் இருவரும் ஒரே மேடையில், ஒருவர் ஃப்ரேமுக்குள் இன்னொருவர் தோள் விழாமல் வேலை பார்த்தார்கள்.

முனிரத்தினம் ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படத்துக்குப் பின்னால் தொங்கும் வெள்ளைத் திரை, அந்தப் பேனரின் மறுபக்கம்.