இருக்குமிடம் தெரியாதவர்

தங்கச்சிமடத்தில் பிரெசில்லா வீடு எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். நண்டு கம்பெனியில் பதினெட்டு வருடமாக ஓடு உடைத்துச் சதை எடுக்கிறவள். அவள் புருஷன் டென்னிஸ் எங்கே என்று கேட்டாலும் காட்டுவார்கள், "அந்த முகாம்காரரா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் காட்டுவார்கள். தொண்ணூறில், ஒன்பது வயதில், இலங்கைப் பேசாலையிலிருந்து அகதியாகப் படகில் வந்து இறங்கியவன். கடல்காரன் மகன்தான், ஆனால் இங்கே கடலுக்குப் போக அவனுக்கு அனுமதிச் சீட்டு கிடையாது. பெயிண்ட் வாளியைத் தூக்கினான். தீவில் பாதிச் சுவர்கள் அவன் கை பட்டவை. திருவிழாவுக்கு மாதா கோயிலுக்கு வெள்ளையடிக்க வந்தபோதுதான் பிரெசில்லா அவனைப் பார்த்தாள். கோயிலில் மூன்று ஞாயிறும் கல்யாண ஓலை வாசித்து, யாரும் தடை சொல்லாமல், ஊரறியக் கல்யாணம் நடந்தது.

அவள் வீட்டில்தான் வாழ்ந்தான் என்றாலும் அவன் பெயர் அகதி முகாம் பதிவேட்டிலேயே இருந்தது. மாதம் இரண்டு முறை அங்கே ஆள் கணக்கு எடுப்பார்கள். காய்ச்சலானாலும் பஸ் ஏறிப் பாலத்தைத் தாண்டிப் போய், வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டுவிட்டு வருவான். முப்பத்தைந்து வருடத்தில் ஒருமுறைகூடத் தவறியதில்லை. மாவட்டத்தில் வேறு யார் எங்கே இருக்கிறார்கள் என்பதில் அரசாங்கத்துக்குச் சந்தேகம் வரலாம். டென்னிஸ் விஷயத்தில் வந்ததே இல்லை.

இந்த வருடம் மகள் ஜாஸ்லினுக்குத் தபால் வேலை கிடைத்தது. பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்து எடுத்திருந்தார்கள், ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். சேருமுன் தாய் தகப்பன் இருவரின் குடியுரிமைக்கும் ஆதாரம் கேட்டு ஒரு தாள் வந்தது. ஆன்லைன் சென்டர் வைத்திருக்கும் சதக்கத்துல்லா அதை இரண்டு தடவை படித்தான்.

"பாப்பா பிறந்த தேதி என்னக்கா?"

"ரெண்டாயிரத்தஞ்சு, ஜனவரி பன்னெண்டு."

"போச்சு. நாப்பது நாள் முந்திப் பெத்திருந்தா நீங்க ஒருத்தர் இந்தியனா இருந்தாப் போதும். அந்த டிசம்பர்ல சட்டத்த மாத்திட்டாங்க. இப்ப அப்பா முகாம்காரருன்னா புள்ளையும் இந்தியன் இல்ல. கொஞ்சம் அவசரப்பட்டிருக்கப்படாதா?" என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினான். "ரேஷன் கார்டுல அவரு பேரு இல்லேல்ல? அப்ப ஒரு வழி இருக்கு. புருஷன் விட்டுட்டுப் போயிட்டான், இருக்குமிடம் தெரியாதுன்னு ஒரு அஃபிடவிட் போட்ருவோம். அப்பறம் அப்பாவோட ஆதாரத்தக் கேக்க மாட்டாங்க."

"தெனம் உன் கடை வழியாத்தானடா வேலைக்குப் போறாரு?"

"எனக்குத் தெரியும்க்கா. தாளுக்குத் தெரியாதுல்ல."

வீட்டில் டென்னிஸ் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் அலசிக்கொண்டிருந்தான். அவள் சொன்னதைத் தலை நிமிராமல் கேட்டான்.

"எழுதிக் குடு."

"நீங்க என்னய விட்டுட்டு ஓடிட்டதா எழுதணுமாம்."

"ஓம். எழுதிக் குடு பிரெசி. ஓடுறது எங்களுக்குப் புதுசோ?"

"எனக்கு இந்த வேலையே வேணாம்ப்பா," என்றாள் ஜாஸ்லின்.

"வேணும்," என்றான்.

பிரெசில்லா கையெழுத்துப் போட்டாள். அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். ஐஸ் நண்டுக்குள் எட்டு மணி நேரம் கிடந்த விரல் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

விசாரணைக்கு, புதிதாக மாற்றலாகி வந்த காவலர் ஒருவர் செவ்வாய்க்கிழமை மத்தியானம் சொல்லாமல் வந்து நின்றார். டென்னிஸ் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பிரெசில்லா வாசலை மறித்து நின்றாள்.

"புருஷன் எங்கம்மா?"

"தெரியாது சார்."

"போயி எத்தன வருஷமாச்சு?"

"ஆச்சு சார்."

"தேடலையா?"

"தேடி என்ன செய்ய?"

அவர் குனிந்து படியைப் பார்த்தார். பெயிண்ட் தெறித்த ஆம்பளைச் செருப்பு. "இது யாருது?"

"பெயிண்டர் சார். வீட்டுக்கு அடிக்க வந்திருக்காரு."

உள்ளே தட்டுச் சத்தம் நின்றது. டென்னிஸ் கையைக் கழுவாமலே வெளியே வந்து, இடது கையை நெற்றிக்குக் கொண்டுபோய் வணக்கம் வைத்தான். வாயில் இருந்த சோற்றை முழுங்கினான்.

"சோறு போட்டு வேலை வாங்குறியா? பரவால்லயே," என்றார் காவலர். "ஏம்ப்பா, நம்ம வீட்லயும் ஒரு ரூம் அடிக்கணும். வருவியா?"

உதடுவரை வந்த தன் ஊர் 'ஓம்' ஒன்றை அவன் உள்ளே தள்ளியதைப் பிரெசில்லா பார்த்தாள்.

"வாரேன் சார்."

காவலர் சுவரில் தாளை வைத்து எழுதினார். "பொண்ணு வேலைக்குப் போகட்டும். நான் ஒண்ணும் ஆட்சேபனை எழுதல. அவன் எப்பவாச்சும் திரும்பி வந்தான்னா ஸ்டேஷன்ல ஒரு வார்த்த சொல்லும்மா."

"சொல்றேன் சார்."

வண்டி போன பிறகு டென்னிஸ் உள்ளே போய் மீதிச் சோற்றைத் தின்றான். அவள் குழம்பு ஊற்றினாள். போதும் என்று கையைக் காட்டினான்.

மறுநாள் காலையில் ஏணியும் இரண்டு வாளியும் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கினான். ஊர்ச் சுவருக்கெல்லாம் அடித்தவன் சொந்தச் சுவரைத் தொட்டுப் பத்து வருடம் இருக்கும்.

"அந்த மனுசன் இன்னொருக்கா வந்தா, சுவர் அடிச்சிருக்கோணும்," என்றான். "என்ன கலர் வேணும்?"

"எதுனாலும்," என்றாள் பிரெசில்லா.

கம்பெனி வேன் வரும் நேரம். அவள் கிளம்பினாள். ஜாஸ்லின் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.