பூமணி அக்கா ஒன்பது தடவை வேலையை விட்டாராம்

புதிய தொழில் சட்டம் வரப்போகிறது என்று எல்லோரும் கதைக்கிறார்கள். அதற்கு முன் எங்கள் கோப்புகளை ஒழுங்காக்கிவிடுவோம் என்று, துறைமுகத்தடியில் நான் வேலை செய்யும் மீன் பொதியிடும் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு அலுமாரியை இன்று காலை திறந்தேன்.

சல்லிக் கிராமத்திலிருந்து வரும் பூமணி அக்காவின் கோப்பில், ஒவ்வொரு வருடமும் ஒரு தடவை "வேலையிலிருந்து விலகினார்" என்று இருந்தது. பத்து நாள் கழித்து "புதிதாகச் சேர்ந்தார்". இப்படி ஒன்பது தடவை.

அவரையே கூப்பிட்டுக் கேட்டேன்.

"நான் எப்ப பிள்ளை விலகினனான்? அம்மன் கோயில் திருவிழாவுக்கெல்லோ போனனான்! கிளாக்கர் ஐயாவிட்டச் சொல்லிப்போட்டுத்தான் போறனான்."

பழைய கிளாக்கரிடம் நீண்ட விடுமுறைக்குப் படிவம் இருக்கவில்லை. விலகல் படிவம் இருந்திருக்கிறது. அதனால் ஒன்பது வருடம் உழைத்த மனுசிக்குக் காகிதத்தில் தொடர்ந்து ஒரு வருடச் சேவைகூட நிறையவில்லை. ஒன்பதையும் விடுமுறை என்று திருத்தி முகாமையாளரிடம் கொண்டுபோனேன்.

"சட்டம் வரட்டும் தங்கச்சி, பிறகு பாப்பம்" என்றார் முகாமையாளர்.

"பிறகு திருத்தினா, பயந்து மாத்தினது எண்டுதான் சொல்லுவினம் சேர். இப்ப திருத்தினா அது எங்கட நேர்மை."

முகாமையாளர் கோப்பைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு ஒன்பது திருத்தத்திலும் கையெழுத்து வைத்தார்.

"அப்ப வாற திருவிழாவுக்கு லீவுக் கடிதம் தரவேணுமோ?" என்று, செய்தியைச் சொன்னதும் கேட்டார் பூமணி அக்கா.

"ஓம் அக்கா, கட்டாயம்."

"அம்மனுக்கும் ஒரு பிரதி வைக்கட்டே?"

நீங்களும் உங்கள் கோப்பை ஒருக்கால் கேட்டுப் பாருங்கள். உங்களுக்கே தெரியாமல் எத்தனை தடவை வேலையை விட்டிருக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள்.