அண்ணன் கொடுத்த மிஸ்டு கால்

அண்ணனை எடுத்த அன்று மாமல்லபுரத்து வீட்டு வாசலில் நின்றவர்கள்: நான். என் வீட்டுக்காரர். என் மகன். மருமகள். டீக்கடை முனுசாமி. பால் ஊற்றும் சரசு. பக்கத்து வீட்டு டீச்சரம்மா. அண்ணன் காலுக்குக் கட்டு மாற்றிய கம்பவுண்டர். அண்ணனோடு வேன் ஓட்டிய டிரைவர்கள் மூன்று பேர். மதுராந்தகத்துச் சொந்தங்கள் வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டோம். வெயில் தாங்கவில்லை. யாரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

அண்ணனின் நினைவு மலரில் என்னை எழுதச் சொன்னார்கள். நான் ஐந்தாவது வரை படித்தவள். தெரிந்ததை எழுதுகிறேன்.

அண்ணன் மதுராந்தகம் ஏரிப் பாசனத்து ஊர் ஒன்றில் பிறந்தார். நாங்கள் இரண்டு பேர்தான். அப்பா சீக்கிரம் போய்விட்டார். அண்ணன் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு நெல் ஏற்றும் லாரியில் கிளீனராகப் போனார். பிறகு டிரைவர் ஆனார். என் கல்யாணத்தை முடித்த பிறகுதான் தன் கல்யாணத்தைப் பார்த்தார். கல்பாக்கத்தில் வேலைக்குப் போகிறவர்களை ஏற்றி இறக்கும் வேன் கிடைத்தது. மாமல்லபுரத்தில் வீடு கட்டினார். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. அண்ணியும் அவரும் செங்கல் சுமந்து கட்டிய வீடு. பிள்ளை இல்லை. அதைப் பற்றி இரண்டு பேரும் யாரிடமும் பேசியதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அண்ணி இறந்துபோனார். அடுத்த வருஷம் அண்ணனுக்குச் சர்க்கரை என்றார்கள். அப்புறம் பி.பி. அப்புறம் இளைப்பு. சர்க்கரை கண்ணைப் பிடித்தது. இனிமேல் வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றே வேன் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார். கடைசியில் இடது காலில் புண் வந்தது. ஆறவே இல்லை.

ஒவ்வொரு நோய்க்கும் ஒரு டாக்டர். அண்ணன் சொல்வார்: "சுகருக்கு நடன்றாரு ஒருத்தரு. காலுக்கு நடக்காதன்றாரு இன்னொருத்தரு. இளைப்புக்காரரு மாத்திரய முழுங்கினா சுகரு ஏறுது. நான் ஒரு ஆளு. எத்தினி பேருக்குத்தான் வண்டி ஓட்டுவேன்?"

தானே சமைத்தார். காலையில் வடித்த சோறுதான் ராத்திரிக்கும். மாத்திரைகளை விரலால் தடவிப் பிரிப்பார். டிவி ஓடிக்கொண்டே இருக்கும், பார்க்க மாட்டார். குரல் கேட்டால் போதும் என்பார். ஊர் சுற்ற வருகிறவர்கள் கடற்கரைக்கு வழி கேட்டு வாசலில் நிற்பார்கள். அண்ணன் வழியை ரொம்ப நீளமாகச் சொல்வார். பாதியிலேயே போய்விடுவார்கள்.

எங்கள் வீட்டுக்குப் பலமுறை கூப்பிட்டேன். வருவார். மூன்றாம் நாள் பையைத் தூக்கிவிடுவார்.

செல்போன் எல்லோர் கைக்கும் வந்த பிறகு என் மகன் அண்ணனுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தான். ஏற்பாடும் அவன்தான் செய்தான். காலையில் அண்ணன் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். நான் எடுக்கக் கூடாது. மணி அடித்தால் நல்லா இருக்கிறார் என்று அர்த்தம்.

"மாமா, ஒரு நாளு மணி வரலன்னா நேரா வந்துடுவேன். வூட்டப் பூட்டிட்டு உன்ன இட்டுகினு போயிடுவேன். அப்பறம் பேச்சே கெடையாது" என்றான்.

அண்ணன் சரி என்று தலையாட்டினார்.

மணி தவறியதில்லை. இரண்டு முறை அடித்து நிற்கும். நான் அடுப்பைப் பற்றவைப்பேன். மாதம் ஒரு தடவை போய்ப் பார்ப்பேன்.

ஒரு மாதம் அப்படிப் போனபோது பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் முனுசாமி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா, இப்பதான் வர்றியா? அண்ணாத்த செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரில ஒரு வாரம் கெடந்தாரே. நெஞ்சுல தண்ணி கோத்துகிச்சி. ஆட்டோ வெச்சி நான்தான் இட்டுகினு போனேன். ஊருக்குச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினாரு."

எனக்குப் புரியவில்லை. அந்த வாரம் முழுக்க மணி அடித்தது. அந்த வாரம்தான் நான் சிங்கப்பெருமாள் கோயிலுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பஸ் செங்கல்பட்டில் ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போனது. நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் கட்டிலில் இருந்தார். இளைத்துப்போயிருந்தார்.

"இன்னா அண்ணே, ஆஸ்பத்திரிலயா இருந்த?"

"அந்த டீக்கடக்காரன் சொன்னானா? அவன் வாயில டீயத்தான் ஊத்தணும்."

"தெனமும் மணி வந்துச்சே?"

"வரும். ஆஸ்பத்திரில டவரு நல்லா கீது."

"வெளையாடாத. ஒண்டியாவா கெடந்த?"

"அந்தாண்ட ஒருத்தன், இந்தாண்ட ஒருத்தன். ஒண்டின்னு எப்பிடிச் சொல்றது?"

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவரே பிறகு சொன்னார்.

"மணி அடிக்கலன்னா உன் புள்ள வூட்டப் பூட்டிடுவான். அதான் அடிச்சேன். பாப்பா, இந்த வூட்ல எனக்குக் கண்ணு தேவையில்ல. எது எங்க கீதுன்னு கைக்குத் தெரியும். உங்க வூட்டுக்கு வந்தா நான் குருடன்."

எனக்கு ஐம்பது வயதாகியும் அண்ணனுக்கு நான் பாப்பாதான்.

வீட்டைக் கூட்டினேன். ரசம் வைத்தேன். கிளம்பும்போது சொன்னேன்:

"நாளையிலேந்து மணி அடி. நான் எடுப்பேன்."

"காசு பூடும்."

"போவட்டும்."

"இன்னாத்தப் பேசறது?"

"இன்னா துன்னேன்னு சொல்லு. மீதிய உன் மூச்சு சொல்லும்."

"வூட்டப் பூட்ட மாட்டியே?"

"மாட்டேன்."

என் மகன் கோபித்துக்கொண்டான். "மாமா ஒண்டியா செத்துக் கெடந்தா நாளைக்கு யாரும்மா பதிலு சொல்றது?" என்றான். நான் சொல்கிறேன் என்றேன்.

அதன் பிறகு இரண்டு வருஷம் அண்ணன் அந்த வீட்டிலேயே இருந்தார். தினமும் பேசினோம். பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. கஞ்சி குடித்தேன் என்பார். கால் வீங்கியிருக்கிறது என்பார். மழை என்பார். சொல்ல ஒன்றும் இல்லாத நாளில் இரண்டு பேரும் சும்மா இருப்போம். மூச்சில் விசில் சத்தம் கேட்டால் அன்றைக்கே பஸ் ஏறிவிடுவேன். இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டு தடவையும் கூடவே இருந்தேன். குணமானதும் கொண்டுபோய் அவர் வீட்டிலேயே விட்டேன்.

கடைசி நாளும் பேசினார். உலை வைத்திருக்கிறேன் என்றார். நீ சாப்பிட்டாயா என்று கேட்டார். இல்லை என்றேன். "துன்னு மொதல்ல" என்றார். மூச்சு நன்றாகத்தான் இருந்தது. சரசு பாலோடு போனபோது கதவு திறந்திருந்தது. அண்ணன் நாற்காலியில் சாய்ந்திருந்தார். உயிர் இல்லை. சோறு வெந்திருந்தது. சரசுதான் அடுப்பை அணைத்தார்.

ஏன் தனியாக விட்டீர்கள் என்று சொந்தத்தில் சிலர் கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அது அவர் வீடு. அவர் இருக்க ஆசைப்பட்டார். இருந்தார்.

டீக்கடை முனுசாமிக்கும், சரசுவுக்கும், சனிக்கிழமைதோறும் மாத்திரை எடுத்துவைத்த டீச்சரம்மாவுக்கும், வீட்டுக்கே வந்து புண்ணைக் கழுவிய கம்பவுண்டருக்கும், தோள் கொடுத்த டிரைவர் அண்ணன்மார்களுக்கும் எங்கள் குடும்பம் கும்பிடு சொல்கிறது. வர முடியாமல் போனவர்களுக்கும்தான்.

அன்று காலை அண்ணனோடு பேசியது நான் ஒருத்திதான். அந்த அழைப்பு போனில் இன்னும் அழியாமல் இருக்கிறது. முப்பத்தெட்டு விநாடி.